முந்திரிகைக் கொடியும் அதன் உறக்கமும்

இலையுதிர்க்குந் தாவரங்கள் யாவும் ஒரே காரணம்பற்றி இலையுதிர்ப்பனவல்ல. எம் வேலிக் கிளுவை கோடையில் இலையற்று நிற்பது நீர் முட்டுப்பாட்டினால். முள்முருக்கு இலையெல்லாங் கழித்துச் செம்பூச் சூடி நிற்பதும் அவ்வாறே வெயிற்காலத்து நிகழ்ச்சியாகும். குளிர் நாட்டுத் தாவரங்களோ பனிக்கு அஞ்சி இலையுதிர்ப்பன. அங்கே நீர் மண்ணில் உறைந்து கிடக்குங் காலத்தில் இலை வைத்திருப்பது தாவரத்துக்கு நட்டமேயன்றி ஊதியமன்று. முந்திரிகைக் கொடி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. குளிரை எதிர்நோக்கி இலையுதிர்த்து உறங்கப் பழகிய அக்கொடி, குளிரென்பதே இல்லாத யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் நடப்பட்டால் என் செய்யும்? இவ்வினாவுக்கு விடை காணாமையினாலேயே வீடுதோறும் பந்தலேறிய கொடிகள் பல, இலை மண்டியும் காயின்றி நின்று, ஈற்றில் "மலட்டுக் கொடி" எனப் பெயர் பெற்று அடியோடு வெட்டப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மலடல்ல என்பதே யாம் இங்குக் கூறப் புகுந்தது.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. தமிழ் கற்பிப்போர்க்கு அஃது இன்றியமையாதது. தமிழகத்தார் திராட்சை என்று வழங்குவதை யாம் முந்திரிகை என்கின்றோம். தமிழகத்திலே முந்திரி எனப்படுவது எமக்கு மரமுந்திரிகை. கொடிமுந்திரி, கொடிமுந்திரிகை என்னுஞ் சொற்கள் அகராதிகளிலும் உள. திராட்சை வடமொழித் திராட்சா என்பதன் தமிழ் வடிவம். மரமுந்திரிகையோ போர்த்துக்கேயர் பிரேசில் நாட்டிலிருந்து கீழைநாடுகளுக்குக் கொணர்ந்த மரம். பின்வந்த மரத்துக்கு "மரம்" என்னும் அடைமொழி சேர்த்து, முன்னிருந்த கொடிக்குப் பெயரை அவ்வாறே விட்டுவைத்த எம் முன்னோர் வழக்கு நேரியதென்றே கருதுகின்றோம். இளைஞர் சிலர் இன்று முந்திரிகை என்றவுடன் கொட்டையை நினைக்கின்றனர்; கடைப் பொட்டலங்களின் எழுத்து அவ்வளவு வலியது. யவனர் மரக்கலங்களிற் கொணர்ந்த தேறலைப் புறநானூறு கூறும். அது முந்திரிகைச் சாற்றிலிருந்து வடித்ததெனவே அறிஞர் கொள்வர். ஆகவே சாறு எம்மவர்க்குப் பழையது. கொடியை வளர்க்குங் கலை அத்துணைப் பழையதன்று.

தாவரவியலார் இக்கொடியை விற்றிசு வினிபெரா என்பர். இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப்பெயர் இடம்பெற்றது. கோகேசிய மலைநாடும் மேற்காசியாவும் இதனை மனிதன் முதன்முதல் வீட்டுக்குக் கொணர்ந்த நிலங்கள். இன்றைய சோர்சியா நாட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மட்பாண்டங்களில் எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய முந்திரிகைத் தேறலின் சுவடுகளைக் கண்டு 2017இல் வெளியிட்டனர். காட்டுக் கொடிகளில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. தோட்டக்கொடியின் பூவிலோ கேசரமுஞ் சூலகமும் ஒருங்கே உள. ஒரே கொடி தனித்து நின்று காய்க்க வல்லதாயிற்று. இதுவே பல்லாயிரம் ஆண்டுத் தெரிவின் பெரும்பயன்.

இக்கொடியின் குடும்பத்தை அறிய மேலைநாட்டுப் படங்களைத் தேடவேண்டுவதில்லை. அதே குடும்பத்து உறுப்பினர் ஒருவர் எம் வேலியிலேயே படர்ந்துள்ளார்; அவர்தாம் பிரண்டை. நான்கு பட்டையுள்ள அச்சதைத் தண்டையும் முந்திரிகையின் மரத்தண்டையும் ஒருங்கே கண்டவர் உறவை நம்பார். ஆயினும் கணுவை உற்று நோக்குக. பிரண்டையிற் சுருளும் பற்றுக்கம்பி எங்கிருந்து தோன்றுகின்றது? இலையின் கக்கத்திலிருந்தன்று, இலைக்கு நேரெதிரே, கணுவின் மறுபக்கத்திலிருந்து. முந்திரிகையிலும் அப்படியே. பாகல், புடோல் முதலியவற்றில் இவ்வமைப்பைக் காணமுடியாது. பிரண்டையின் பூங்கொத்தும் இலைக்கெதிரே வருவது; முந்திரிகைக் குலையும் இலைக்கெதிரே தொங்குவது. மாணவர் ஒரு கையிற் பிரண்டைத் துண்டும் மறுகையில் முந்திரிகைத் தளிருமாக நின்று இதனை ஒப்பிடுவாராயின், குடும்பம் என்னுஞ் சொல்லின் பொருள் அவர்க்கு நூலினால் விளங்குவதிலும் நன்கு விளங்கும்.

பற்றுக்கம்பியும் குலையும் ஒரே இடத்தில், அதாவது இலைக்கு எதிரே, தோன்றுவது தற்செயலன்று. இரண்டும் ஒரே முகிழிலிருந்து எழுவன. அம்முகிழுக்கு ஒளியும் உணவும் வாய்த்தால் அது கிளைத்துக் கிளைத்துப் பூந்துணராகும். வாயாதவிடத்துக் கம்பியாக நீண்டு எதையேனும் பற்றும். இரண்டுங் கலந்த வடிவங்களும் உண்டு. கம்பியின் ஒரு கிளை சுருண்டு பந்தலைப் பற்றியிருக்க, மறுகிளையில் நான்கைந்து காய் தொங்குவதைப் பந்தலின்கீழ் நின்று தேடுவோர் காணலாம். சார்ள்சு தார்வின் 1865இல் ஏறுகொடிகளைப்பற்றி எழுதியபோது முந்திரிகையின் கம்பியை உருமாறிய பூக்காம்பென்றே விளக்கினார். கம்பி பூவாகாமற்போன பூ என்பதை உழவர் மறவாதிருத்தல் நன்று. கொடி முழுவதுங் கம்பியாக இருக்கின்றதே என்று வருந்துபவர், உண்மையிற் பூக்க முயன்று இயலாமற்போன முகிழ்களையே எண்ணிக்கொண்டிருக்கின்றார்.

அம்முகிழ் பூவாவதா கம்பியாவதா என்னுந் தீர்ப்பு எப்போது நிகழ்கின்றது? இங்குதான் இக்கொடியின் மறை பொதிந்துள்ளது. இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டை உழவர் கண் என்பர். வெளிக்கு ஒன்றாய்த் தோன்றும் அக்கண்ணினுள்ளே பெரும்பாலும் மூன்று அரும்புகள் செதில்களாற் போர்த்தப்பட்டு நெருங்கியிருக்கும். நடுவிலிருப்பதே முதலரும்பு, அது சிதைந்தால் மற்றையவை துணைக்கு வரும். ஒரு தண்டு வளரும்போதே அதன் கண்களுக்குள் அடுத்த போகத்துக் குலைகள் மிகச் சிறிய உருவில் அமைந்துவிடுகின்றன. இன்று நாம் பறிக்கும் குலை சென்ற போகத்துத் தண்டின் கண்ணுக்குள் அப்போதே வகுக்கப்பட்டது. அவ்வாறு வகுக்கப்படுதற்கு அக்கண்ணின் அருகேயுள்ள இலைகள் வெயிலைக் கண்டிருக்கவேண்டும். நெருக்கமாய் இலை மண்டிய பந்தலின் அடியில், இருளிற் கிடந்த கண்கள் குலையற்ற கண்களாகவே முடிகின்றன. அத்தகைய கண் முளைத்தாலும் இலையுங் கம்பியுமே தரும்.

பூவின் அமைப்பைச் சுருங்கக் கூறுவாம். பசுமை கலந்த சிறு பூக்கள் நூற்றுக்கணக்கில் ஒரு துணரில் இருக்கும். அல்லியிதழ் ஐந்தும் மேலே ஒட்டி ஒரு குல்லாய் போன்றிருக்கும். பூ விரியும்போது இதழ்கள் மேலிருந்து பிரியாமல் அடியிலிருந்து கழன்று, குல்லாய் முழுவதும் தூக்கியெறியப்படும். உடனே கேசரங்கள் ஐந்தும் நிமிரும். சூலகம் இரண்டறையுடையது, அறைக்கு இரண்டு சூல்வித்து. ஆகவே ஒரு பழத்தில் நான்கு விதைக்கு மேல் இயல்பாக இரா. குல்லாய் கழலும் அந்நாட்களில் மழை பெய்தால் மகரந்தம் கழுவுண்டு காய் பிடிப்பது குறையும்.

இனி உறக்கத்தைப் பற்றிக் கூறுவாம். பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளிற் பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் முந்திரிகை வளர்ச்சியை நிறுத்தும். பச்சைத் தண்டு பழுப்பு நிறங்கொண்டு முற்றும். இலை மஞ்சளாகுமுன் அதிலுள்ள சத்துக்கள் தண்டுக்குள் இழுக்கப்படும். தண்டிலும் வேரிலும் மாப்பொருள் நிறையும். பின் காம்பினடியில் ஒரு தக்கைப்படை தோன்றி இலையைக் கழற்றிவிடும். அதன்பின் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக் குளிர் வந்தாலும் கொடிக்கு ஊறில்லை. உறங்குங் கண்கள் சில நூறு மணி நேரங் குளிரை அனுபவித்தாலன்றி ஒருசேர விழியா. இளவேனிலில் நாட்சராசரி வெப்பநிலை ஏறக்குறையப் 10 பாகை செல்சியசை எட்டும்போது எல்லாக் கண்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உடையும். இடையில் ஒரு சொல்: பாடநூல்களில் அந்நாட்டுக் குளிர்காலத்தை மாரிகாலம் என்று எழுதுவது எமக்கு உடன்பாடன்று. மாரி மழை, அது கார்த்திகையில் எம் முற்றத்தில் நிற்பது. கூதிர், முன்பனி, பின்பனி என மூன்று பருவத்துக்குப் பெயர் வைத்திருக்கும் மொழி, பனிக்கு மழையின் பெயரை இரவல் வாங்கவேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. பகலின் நீளமும் ஆண்டு முழுவதும் அதிகம் வேறுபடாது. ஆகவே உறங்குக என்னுங் கட்டளையும் விழித்தெழுக என்னுங் கட்டளையும் இக்கொடிக்கு வருவதேயில்லை. கொடி என்றும் பச்சையாய், நுனிமேல் நுனியாக ஓடிக்கொண்டேயிருக்கும். நுனியரும்பு கீழ்க்கண்களை அடக்கியாளும். அடியிலுள்ளவை விழிக்க இயலாமல் நாளடைவிற் கெடும். சத்து முழுவதும் ஓடுவதிலேயே செலவாகும். பத்து ஆண்டு சென்ற கொடியொன்று வேம்பின் உச்சிவரை ஏறி அங்கே இரண்டு குலை காட்டி நிற்பதும், அடிப்பகுதி கயிறு போல் வெறுமையாய்த் தொங்குவதும் இதன் விளைவே. இதனைத்தான் மலடு என்கின்றனர். உண்மையில் அஃது உறக்கமில்லாத கொடி.

குளிர் கொடாத உறக்கத்தை இங்கே கத்தரிதான் கொடுக்கவேண்டும். குளிர்நாட்டில் முன்னரே உறங்கும் கொடியை உழவன் வெட்டுகின்றான். இங்கே வெட்டுவதுதான் உறங்கச்செய்து எழுப்புவது. இவ்வேறுபாட்டை அறியாமல் மேனாட்டு நூலொன்றைப் பார்த்துக் கத்தரிப்போர் இடர்ப்படுவர்.

முறை வருமாறு: பழம் இறக்கியபின் கொடிக்குச் சில கிழமை இளைப்பாறுதல் தந்து, வெட்டுதற்கு இரு கிழமைக்கு முன்னரே நீரை நிறுத்துக. இலை தளர்ந்து தண்டு முற்றும். தளிர்த்தண்டைக் கத்தரித்தாற் பயனில்லை. முற்றிப் பழுப்பேறிப் பென்சிற் பருமனில் உள்ள தண்டுகளே அடுத்த போகத்தைத் தாங்க வல்லன. ஒவ்வொன்றிலும் நான்கைந்து கண் விட்டு, ஈற்றுக்கண்ணுக்கு அரை அங்குலம் அப்பால், சரிவாக வெட்டவேண்டும். எத்தனை கண் விடுவதென்பது இனத்தைப் பொறுத்தது. இங்குப் பரவலாக நடப்படும் இசுரேல் புளூ, மசுக்கற்று முதலியவற்றுக்கு அடிக்கண்களே போதும். தொம்சன் என்னும் விதையிலி இனத்திலோ குலைக் கண்கள் அடியிலிருந்து தள்ளியே அமைதலின் நீளமாக விடவேண்டும். மெலிந்த தண்டு, நோயுற்ற தண்டு, ஒன்றன்மேல் ஒன்று கிடக்குந் தண்டு யாவற்றையும் அடியோடு நீக்குக. எஞ்சிய இலைகளைக் கையினாற் கிள்ளி எடுத்துவிடுக. ஓர் இலையும் விடலாகாது. வெட்டிமுடித்த பந்தலைப் பார்த்து வீட்டிலுள்ளோர் மனம் பதறுவது இயல்பு. பசுமையாய் நிற்பதை வெறுங்கழியாக்குவது பாவமென்பாரும் உளர். பதற வேண்டுவதில்லை, அடியைச் சுற்றிக் கொத்தி, எரு இட்டு, நீர் பாய்ச்சினால், இரண்டு கிழமையளவிற் கண்கள் உடையத் தொடங்கும். முளைத்த தண்டின் மூன்றாம் கணு முதல் ஐந்தாம் கணு வரையிற் பெரும்பாலும் குலை தோன்றும். வெட்டிய நாளிலிருந்து பழம் முற்ற மூன்றரை தொடக்கம் நான்கு மாதஞ் செல்லும்.

இந்நான்கு மாதக் கணக்கை அறிந்தவர்க்கே நாட்காட்டி வசப்படும். எமக்குப் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை. பூவும் பழமும் அம்மழையிற் சிக்காதிருத்தல் வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் வெட்டினாற் சித்திரைக் கடையிற் பழம் இறக்கலாம். பின் இளைப்பாற்றி வைகாசிக் கடையில் வெட்டினாற் புரட்டாதிக் கடைக்குள், மழைக்கு முன்னரே, இரண்டாம் போகமும் கைக்கு வரும். ஆவணியில் வெட்டிவிட்டு மார்கழியிற் பழத்தைத் தேடுவோர்க்கு வெடித்த பழமும் பூஞ்சணமுமே எஞ்சும். மகாராட்டிரத்திலும் ஆண்டுக்கு இருமுறை வெட்டுகின்றனர். ஆயின் போகம் ஒன்றே. ஏப்பிரல் மாதத்து வெட்டு நல்ல தண்டையுங் கண்ணையும் உண்டாக்குதற்கு. ஒற்றோபர் மாதத்து வெட்டே பழத்துக்கு. தமிழகத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலோ, தோட்டத்துக்குத் தோட்டம் வெட்டும் நாளை மாற்றி, ஆண்டு முழுவதும் பன்னீர்த் திராட்சை பறிக்கின்றனர். அப்பழம் 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. குளிரில்லாமை குறையாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. உறக்கத்தை எம் கையில் வைத்திருப்பதனால், நாம் விரும்பிய திங்களிற் கொடியை எழுப்ப இயலும்.

வெட்டிய வாயிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவதைக் கண்டு சுண்ணாம்பு பூசுவோரும் உளர். கொடி அழுகின்றதென்பது உலகெங்கும் உள்ள வழக்கு. வேர் உறிஞ்சிய நீர், வெளியேற்ற இலையில்லாமையால், அமுக்கங்கொண்டு காழ்வழி மேலேறி வெளிப்படுகின்றது. இசுற்றீபன் கேல்சு என்னும் ஆங்கிலப் பாதிரியார் முந்திரிகைக் கட்டையில் இரசம் நிரம்பிய குழாயைப் பொருத்தி இவ்வமுக்கத்தை அளந்து 1727இல் எழுதினார். வேரமுக்கத்தை அளந்த முதன்முயற்சி அதுவே. சிறிது நாளில் வெட்டுவாய் தானே அடையும். வேர் உயிரோடிருப்பதற்கு அறிகுறியாகையால் அதனை மகிழ்ந்தே நோக்கலாம்.

நோய்களுள் முதன்மையானவை அடிச்சாம்பல், மேற்சாம்பல் என்னும் இரண்டுமாம். இலையின் கீழ்ப்புறத்தில் வெண்பஞ்சும் மேற்புறத்தில் எண்ணெய்ப் புள்ளியும் காணின் அஃது அடிச்சாம்பல். ஈரமே அதற்கு உணவு. இதற்கு மருந்து கண்ட வரலாறு சுவையானது. பிரான்சில் மெதொக்கு என்னும் பகுதியில், வழிப்போக்கர் பழந் திருடாதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயிற்றுத்தத்தையுஞ் சுண்ணாம்பையுங் கலந்து நஞ்சுபோற் தோன்றத் தெளித்திருந்தனர். தெளித்த கொடிகளில் நோயில்லாமையை மில்லார்தே என்னும் பேராசிரியர் கண்டு ஆய்ந்து 1885இல் வெளிப்படுத்தினார். போர்தோக் கலவை அவ்வாறு தோன்றியதே. 1 கிலோ மயிற்றுத்தத்தை 50 இலீற்றர் நீரில் மண் அல்லது பிளாத்திக்குப் பாண்டத்திற் கரைக்குக. இரும்புப் பாத்திரம் ஆகாது. வேறொரு பாண்டத்தில் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி 50 இலீற்றராக்குக. இரண்டையும் மூன்றாவது பாண்டத்தில் ஒருங்கே ஊற்றுக. தீட்டிய கத்தியலகைச் சிறிது நேரம் அதனுள் வைத்தெடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாதென்று அறிந்து இன்னுஞ் சேர்க்கவேண்டும். அன்றே தெளித்து முடிக்குக. மறுநாளைக்கு வைத்தாற் பயன்படாது. மேற்சாம்பலுக்குக் கந்தகம் உதவும். நோய் வந்தபின் மருந்தடிப்பதிலும், காற்றும் வெயிலும் உட்புகப் பந்தலைத் திறந்து வைப்பது சிறந்தது. அதுவும் கத்தரியின் வேலையே.

எருவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இலை கருகருவென்று தழைக்க யூரியாவை அள்ளியிடுவோர் குலையை இழக்கின்றனர். தழைச்சத்து மிகுந்தால் இலையே மண்டி, கண்கள் மீண்டும் இருளில் ஆழும். அதனோடு நில்லாது, வலிகாமத்துச் செம்மண்ணுக்கும் அடியிலுள்ள சுண்ணக்கல்லுக்குமிடையே மிகுதியான நைத்திரேற்று விரைந்து இறங்கிக் கிணற்றுநீரிற் கலக்கின்றது. குடிநீரில் அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மிகலாகாதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எம் குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வரம்பைக் கடந்திருத்தல் ஆய்வுகளால் அறியப்பட்டதே. தொழுவெருவும் குழையும் சாம்பலும் கிடைக்குமிடத்து உப்புரத்தை அளந்தே இடுக.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாமம் வெறுமையுற்றபோது பந்தல்களும் இறைப்பாரின்றிக் கத்தரிப்பாரின்றிக் கைவிடப்பட்டன. திரும்பி வந்தோர் கொடியை மீண்டும் நட்டனர். ஆனால் கத்தரிக்கத் தெரிந்த கைகள் எல்லாந் திரும்பவில்லை. கொடி நடுதல் ஒரு நாளிற் கைவருவது. எந்தத் தண்டை விடுவது எதை நீக்குவதென்னும் அறிவோ பந்தலின்கீழ் ஒருவர் பக்கத்தில் மற்றொருவர் நின்று கைமாற்றப்படுவது. பழைய மாணவருள் அவ்வறிவுடையோர் இன்றும் உளர். விடுமுறை நாளொன்றில் அண்டை வீட்டுப் பிள்ளைகளை ஒரு பந்தலின்கீழ் நிறுத்தி நான்கு தண்டு வெட்டிக் காட்டுவாராயின் இக்கட்டுரையினும் அது பயன்மிக்கது.

புதிதாய் நட விரும்புவோர் கத்தரித்தெறியுந் தண்டுகளிலிருந்தே பதியன் பெறலாம். விதையிலிருந்து வருவது தாய்க்கொடியை ஒவ்வாதாகையால் விதை வேண்டாம். பிறநாடுகளில் வேரைத் தின்னும் பில்லொட்சரா என்னும் நுண்பூச்சிக்கு அஞ்சி அமெரிக்கக் கொடியின் அடிக்கட்டையில் ஒட்டுகின்றனர். இப்பூச்சியே 1860ஆம் ஆண்டுகளிற் பிரான்சினுட் புகுந்து அந்நாட்டுத் தோட்டங்களைப் பாழாக்கியது. வீட்டுத் தேவைக்குத் தண்டு நடுதலே போதும். நன்றாய்க் காய்த்த கொடியில், பென்சிற் பருமனாய், மூன்று நான்கு கண்ணுள்ள துண்டுகளைத் தெரிக. அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும் மேல்முனையைச் சரிவாகவும் வெட்டினால் எது அடி எது நுனியென்று மயங்கவேண்டியதில்லை. இரண்டு கண் மண்ணுள் இருக்க, எருவும் மணலும் கலந்த பையில் நிழலில் ஊன்றி நாடோறும் நீர் தெளிக்க. வேர் கொண்டு தளிர் ஓடியபின், இரண்டடிக் குழி தோண்டி, மேல்மண்ணும் தொழுவெருவும் நிரப்பிப் பத்தடி இடைவெளியில் நடலாம். ஒரே தண்டை மாத்திரம் விட்டுக் கக்கத்து முளைகளைக் கிள்ளிவருக. ஏழடி உயரத்துப் பந்தலை எட்டியதும் நுனியை முறிக்க, அங்கிருந்து கிளைகள் நாற்புறமும் ஓடும். முதற் கத்தரிப்பு, அக்கிளைகள் பழுப்பேறி முற்றியபின்.